‘உருமாறிய டெங்கு’ பற்றி வந்த கேள்விகள்

மழை ஆரம்பித்ததும் கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: வைரஸ் மாறிவிட்டதா? ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: வருஷா வருஷம் ‘உருமாறிய டெங்கு’ என்று செய்தி போடுகிறார்கள். ஃப்ளூ மாதிரி இதுவும் மாறிக்கொண்டே இருக்குமா?

மாறும், ஆனால் ஃப்ளூவின் வேகத்தில் இல்லை. டெங்கு வைரஸின் ஆர்என்ஏ, அதாவது அதன் மரபணுச் செய்தி, ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை பார்த்துத் திருத்தும் வழக்கம் கிடையாது, அதனால் ஒரு நகலுக்குச் சுமார் ஒரு எழுத்து தப்பாகிவிடும். இப்படிப் பார்த்தால் இது கன்னாபின்னாவென்று மாறியிருக்க வேண்டும். மாறாததற்குக் காரணம், இந்த வைரஸ் இரண்டு இடத்தில் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது: மனித ரத்தத்தில் ஜெயித்த மாற்றம் கொசுவின் குடலில் தோற்றுப்போகும், அங்கே ஜெயித்தது இங்கே எடுபடாது. இதெல்லாம் வடிகட்டிப் போக, ஒரு வருஷத்தில் நிலைத்து நிற்பது சராசரியாக ஏழிலிருந்து பத்து எழுத்து மாற்றங்கள்தான். அவற்றிலும் பெரும்பாலானவற்றால் புரதத்தில் ஒரு மாற்றமும் வராது.

என் கணவரின் ரிப்போர்ட்டில் ‘டென் 2’ என்று போட்டிருக்கிறது. அது புது உருமாற்றமா?

இல்லைங்க. டென் 1 முதல் 4 வரை, டெங்கு வைரஸின் நான்கு வகைகளும் பழைய ஆட்கள். முதல் வகையை 1943இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள், 1956இல் மணிலாவில் மூன்றாவதும் நான்காவதும் கிடைத்தன. நான்கு பங்காளி வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வித்தியாசம் உண்டு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பல கிளைகள். செய்தியில் ‘புது வகை’ என்று வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டின் கிளை வேறு ஊரிலிருந்து வந்திறங்கியதைத்தான். எந்த வீடாக இருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியர்: எங்கள் நாட்டில் டெங்கு எப்போதோ இருந்ததுதான், ஆனால் உயிரை எடுக்கத் தொடங்கியது 1989இற்குப் பிறகு என்கிறார்கள். 2017இல் ஏன் அப்படித் தாக்கியது?

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். 1989க்கு முன்பே நான்கு வகையும் இலங்கையில் சுற்றின, கொசுவும் இருந்தது, இரண்டாம் முறை வேறு வகை தொற்றியவர்களும் (இவர்களுக்குத்தான் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுதல்) இருந்தார்கள், ஆனாலும் டெங்குவின் கடுமையான வடிவமான ரத்தக்கசிவுக் காய்ச்சல் அபூர்வமாகத்தான் வந்தது. பிறகு சேமித்து வைத்திருந்த மாதிரிகளின் மரபணு வரிசையைப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றாம் வகையின் பழைய கிளை காணாமல்போய் அதன் இடத்தில் நெருங்கிய உறவான வேறொரு கிளை உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இந்தக் கிளைகள் சேர்ந்த குடும்பம் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து லத்தீன் அமெரிக்காவுக்கும் போனது. 1994இல் நிகரகுவாவில் முளைத்தது இதுதான்.

2017 கதை வேறு. 2009இலிருந்து இலங்கையில் ஆதிக்கம் செலுத்தியது முதல் வகை, அதுவும் அந்த வருஷம் புதிதாக வந்த ஒரு கிளை. இரண்டாம் வகை பல வருஷம் அபூர்வமாகிவிட்டது. அதற்குள் அந்த வகையைப் பார்த்தே இராத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், முதல் வகையை ஒருமுறை பார்த்துவிட்டவர்களும் ஏராளம். அந்த நிலையில் இரண்டாம் வகை திரும்ப வந்தது: 2017இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் நோயாளிகள். அந்த வைரஸ் அரக்கனாக மாறிவிட்டது என்பதைவிட, அதற்கு ஊரே திறந்து கிடந்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படியென்றால் தப்பு வைரஸ் மேலா, நம் உடம்பு மேலா? (மருத்துவ மாணவர், மதுரை)

இரண்டும்தான், ஆனால் எந்த ஊரில் எது தூக்கலாக நின்றது என்று பார்க்க வேண்டும். கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது, 1981இல் இரண்டாம் வகை வந்து 3,44,000 பேரைப் படுக்கவைத்தது, 158 பேர் இறந்தார்கள். அப்புறம் 1997இல் அதே நாட்டின் சாந்தியாகோ தே கூபா நகரில் மறுபடி இரண்டாம் வகை. அந்த முறை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள், அதாவது 20 வருஷம் முன்பு முதல் வகையைச் சந்தித்தவர்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. முதல் தொற்றின்போது உடம்பு செய்துவைத்த பழைய எதிர்ப்பணு புது வகையைக் கொல்லாமல், செல்லுக்குள் கூட்டிப்போய் விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம். அதே சமயம் அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே வைரஸின் புரதங்களில் ஒன்றான என்எஸ்1இல் ஒரு அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) மாறிப் பரவியதையும் பார்த்தார்கள்.

இதற்கு நேர்மாறு பெருவில் உள்ள இக்கிடோஸ். அங்கேயும் முதலில் முதல் வகை, 1995இல் இரண்டாம் வகை. கியூபா கணக்கின்படி வார்டுகள் நிரம்பியிருக்க வேண்டும். ரத்தக்கசிவுக் காய்ச்சல் ஒன்றுகூட வரவில்லை! வந்தது இரண்டாம் வகையின் ‘அமெரிக்கக்’ கிளை, முதல் வகைக்கு உண்டான எதிர்ப்பணு அதை நன்றாகவே தடுத்துவிட்டது. 2010-11இல் அதே ஊருக்கு இரண்டாம் வகையின் ஆசிய-அமெரிக்கக் கிளை வந்தபோது கதை மாறி, கடுமையான நோயாளிகள் குவிந்தார்கள்.

வைரஸின் சொந்தச் சாமர்த்தியத்துக்கு உதாரணம் வேண்டுமானால் புவேர்ட்டோ ரிக்கோ, 1994. அங்கே ஜெயித்த கிளையில் ஆர்என்ஏவின் வால் பகுதி மாறியிருந்தது, அந்த வால் துண்டுகள் செல்லின் அபாய மணி அடிக்க வேண்டிய ஒரு புரதத்தைப் பிடித்துக் கட்டிவிட்டன.

இன்னொன்று, பாடப்புத்தகத்தில் அழுத்திச் சொல்லாதது: அதிர்ஷ்டம். வறண்ட மாதங்களில் கொசு குறைந்து, ஆளுக்கு ஆள் தொற்றிப் பரவும் சங்கிலிகள் நாலைந்துதான் மிஞ்சும். அதில் எந்தக் கிளை தப்பிப் பிழைக்கிறதோ அதுதான் அடுத்த மழைக்கு ராஜா, அதற்குத் திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

திருநெல்வேலிக்காரன் கேட்கிறேன், 2012 எங்களுக்கு மறக்காது. அது என்ன வைரஸ்?

அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் பாதிப்பு, 66 இறப்பு. அப்போதைய மாதிரிகளில் முதல் வகையின் ஆசியக் கிளை இருந்தது. அதுவரை இந்தியாவில் பழக்கப்பட்ட முதல் வகை வேறொரு கிளை. இப்போது நான் கண் வைத்திருப்பது நான்காம் வகை மேல். ஒரு காலத்தில் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, தென்னிந்தியாவில் தனக்கென்று ஒரு கிளை கட்டிக்கொண்டு வளர்ந்திருப்பதை 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு காட்டியது.

ஐந்தாவது வகை வந்துவிட்டதாமே?

2013இல் மலேசியாவின் சரவாக் மாதிரி ஒன்றை வைத்து அறிவித்தார்கள். அது காட்டுக் குரங்குகளிடையே சுற்றும் வைரஸ். மனிதரிடையே தொடர்ந்து பரவவில்லை, தலைப்புச் செய்தியில்தான் பரவுகிறது.

பழைய வைரஸை வைத்துச் செய்த தடுப்பூசி இன்றைய வைரஸுக்கு வேலை செய்யுமா?

நியாயமான சந்தேகம். கியூடெங்கா தடுப்பூசியின் அடித்தளமே 1964இல் தாய்லாந்தில் ஒரு நோயாளியிடம் எடுத்த இரண்டாம் வகை. ஆனாலும் பெரிய சிக்கல் அந்த வைரஸின் வயது அல்ல. நான்கு வகைக்கும் சமமாகப் பாதுகாப்பு வராவிட்டால், தடுப்பூசியே ‘முதல் தொற்று’ மாதிரி ஆகிவிடலாம். பிலிப்பைன்ஸில் டெங்வாக்ஸியா என்ற இன்னொரு டெங்கு தடுப்பூசியை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஆபத்து கூடலாம் என்று 2017 நவம்பரில் அதன் கம்பெனியே சொன்னது.

எனக்கு ஒருமுறை வந்துவிட்டது. இனி எந்தக் கிளை சுற்றுகிறது என்று தெரிந்து என்ன பயன்?

கிளை உங்களுக்குத் தேவையில்லை, அது எங்களைப் போன்றவர்களின் தலைவலி. அடுத்த முறை காய்ச்சல் வந்தால், அது இறங்கிய பிறகு வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், 20 வருஷம் ஆகியிருந்தாலும் சரி.