செக் இன்ஜின் லைட் எரியும்போது புகை டெஸ்டில் கார் பாஸ் ஆகுமா?

அடுத்த வாரம் புகைச் சான்று முடிகிறது, மீட்டரில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை, யூடியூபில் பார்த்தால் விளக்கு எரிந்தாலே ஃபெயில் என்கிறார்கள், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே வேலையை நானும் செய்தவன்ங்க. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்காவில் எடுத்ததாக இருக்கும். என் அக்கா மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே 2000லிருந்து வந்த பெட்ரோல் கார்களுக்கு 2015லிருந்து புகைக் குழாயில் எதையும் சொருகுவதே இல்லையாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரை மாட்டி காரின் கம்ப்யூட்டரிடமே கேட்பார்களாம். விளக்கு எரிந்தால் ஃபெயில். பேட்டரியைக் கழற்றி அழித்துவிட்டுப் போனாலும் பிடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று ஒரு கணக்கு வைத்திருக்குமாம், அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். சில நாள் ஓட்டி அது நிரம்பின பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்மூரில் அப்படி இல்லை. இங்கே டெஸ்ட் எடுக்கிற பையன் உங்கள் மீட்டரை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். நம்பர் பிளேட்டைப் படம் எடுப்பான், புகைக் குழாயில் குச்சியைச் சொருகுவான், திரையில் வரும் எண்ணைப் பார்ப்பான், அவ்வளவுதான். அதனால் விளக்கு எரிவதற்காக யாரும் உங்களை ஃபெயில் ஆக்கப்போவதில்லை. ஆனால் அந்த விளக்கை எது எரிய வைத்ததோ அது ஃபெயில் ஆக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில். வண்டி 2018ல் வாங்கின பெட்ரோல் கார், பிஎஸ்-4, அதாவது புகைக்கான அரசு விதியில் நாலாம் படி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கார் நிற்கும் தகரச் சாளைக்குப் பக்கத்திலேயே கொப்பரைக் களம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விளக்கை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரி. "ஏனுங், மீட்டர்ல மோட்டார் படம் எரியுதுங்க, தொட்டி நெறஞ்சு வழியுதோ என்னமோ" என்றாள். சிரிக்காதீர்கள், உற்றுப் பார்த்தால் அது கிணற்று மேட்டில் இருக்கும் மோனோபிளாக் மோட்டார் மாதிரியேதான் இருக்கிறது. நான் ரொம்ப விவரமானவன் மாதிரி "அது ஒண்ணுமில்ல, சென்சார் கோளாறு" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பத்து நிமிஷம் கழித்து மாட்டினேன். விளக்கு போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. மறுபடியும் கழற்றினேன். ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனது, பாட்டு ஸ்டேஷன் எல்லாம் போனது, கம்ப்யூட்டர் அதுவரை கற்று வைத்திருந்த கணக்கும் போய் சிக்னலில் நின்றால் வண்டி மாடு உடம்பை உதறுகிற மாதிரி ஆடியது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 11க்கு இறங்கியிருந்தது. அதற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். கலப்பால் கொஞ்சம் மைலேஜ் குறையும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அஞ்சு கிலோமீட்டரா குறையும்? அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

இதற்கு நடுவில் காங்கேயத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம். புகைச் சான்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் முடிகிறது. பல்லடம் வழியாகப் போகவேண்டும், எங்காவது நிறுத்திக் கேட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை, மன்னிக்கவும். பத்திரிகை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வந்தது. கீழே ஒரு வரி, "இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்." என் கல்யாணத்துக்கு எங்க அப்பனும் ஆத்தாளும் பஸ்ஸில் போய், இட்டேரியில் நடந்து, வெத்தலை பாக்கு வைத்து, ஒறம்பரை வீடு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். இவர்கள் வீட்டு வாசலில் கார் இரண்டு நிற்கிறது, பொள்ளாச்சிக்கு வர நேரமில்லையாம். மொய் எழுதும் இடத்தில் மட்டும் ஆள் நேரில் உட்கார்ந்திருந்தான். கேட்டால் காலம் மாறிவிட்டது என்பார்கள். சரி, விடுங்கள்.

மூன்றாவது தடவையாகப் பேட்டரியைக் கழற்றி மாட்டி, விளக்கு இல்லாத பளிச்சென்ற மீட்டரோடு டெஸ்ட் சென்டருக்குப் போனேன். பையன் குழாயில் குச்சியைச் சொருகினான். என் வண்டி மாதிரி பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், ஹைட்ரோகார்பன் என்கிற எரியாத பெட்ரோல் 200க்குள். பிறகு ஆக்சிலேட்டரை 2500 ஆர்பிஎம் பக்கம் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்ப்பார்கள், அதில் கார்பன் மோனாக்சைடு 0.2க்குள், லாம்டா என்கிற காற்று-பெட்ரோல் கலவைக் கணக்கு 0.97லிருந்து 1.03க்குள். பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, 1.12 காட்டுதுங்க. 0.3க்குள்ள இருக்கோணும்."

"மறுக்கா பாரு தம்பி."

மறுக்கா பார்த்தான். 1.15.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கல்யாண அவசரம்னு சொல்றீங்க, வேணும்னா வேற வண்டிக் குழாய்ல சொருகித் தரட்டுங்களா?" என்றான். யோசித்தேன்ங்க. பொய் சொல்ல விரும்பவில்லை, ஒரு நிமிஷம் நன்றாகவே யோசித்தேன். உடனே "ஊழலுக்குத் துணை போகிறீர்கள்" என்று கமெண்டில் கிளம்பாதீர்கள், நான் வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் நேர்மை என்று பெருமையடிக்கவும் மாட்டேன். வண்டிக்குப் பின்னால் நின்றபோது கண் எரிந்தது, பச்சைப் பெட்ரோல் நாற்றம். விளக்கு இல்லை, ஆனால் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்பது என் மூக்குக்கே தெரிந்துவிட்டது.

அடுத்து சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். கண்ணாடி ரூமில் உட்கார வைத்து மெஷின் காபி கொடுத்தார்கள், வண்டி பக்கத்தில் நம்மை விடமாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து "சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருச்சு, ஆக்சிஜன் சென்சார் ரெண்டும் மாத்தணும்" என்றான். கன்வெர்ட்டர் என்பது புகைக் குழாய் வழியில் நச்சுப் புகையைச் சுத்தம் பண்ணும் பாகம். மொத்தம் 58,000 ரூபாய். எந்தக் கோட் (கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்) வந்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் "சிஸ்டம் சொல்லுது சார்." அந்த வருஷம் தேங்காய் விற்ற கணக்கு எனக்குத்தான் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் போனது உடுமலை ரோட்டில் ஒரு பழைய பட்டறை. அறுபது தாண்டிய மனிதர். வண்டியை நிறுத்தியதும் ஸ்கேனரைத் தேடவில்லை. புகைக் குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்தார். கண் மை மாதிரி கரி, விரல் ரேகை தெரியாத அளவுக்கு. "பெட்ரோல் அள்ளி ஊத்துது தம்பி" என்றார். பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் மேல் மூடியைக் கழற்றினதும் அடியில் ஒரு கைப்பிடி தேங்காய் மஞ்சி, பக்கத்தில் பல் பதிந்த கொப்பரைத் துண்டு ஒன்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே "எலி குடித்தனமே நடத்தியிருக்குது பாருங்" என்றார்.

அப்புறம்தான் ஸ்கேனரை மாட்டினார். பி0134. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை என்று அர்த்தமாம். சென்சாரிலிருந்து வரும் ஒயரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். நாலு ஒயர்: இரண்டு வெள்ளை, ஒரு சாம்பல், ஒரு கருப்பு. வெள்ளை ஒன்றில் தோல் மட்டும் கடித்திருந்தது. கருப்பு ஒயர் கத்தரித்த மாதிரி இரண்டு துண்டு, நுனியில் செம்பு மின்னியது. அந்தக் கருப்புதான் தகவல் கொண்டுபோகும் ஒயர்.

அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்துப்போனது. அந்தச் சென்சார்தான் நாக்கு. சமைக்கிறவர் குழம்பை நாக்கில் விட்டு உப்புப் பார்க்கிற மாதிரி, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது ருசி பார்த்துச் சொல்லும், கம்ப்யூட்டர் அதற்கு ஏற்ற மாதிரி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். நாக்கு அறுந்துபோனால்? வண்டி நிற்கக் கூடாது என்று கம்ப்யூட்டர் குத்துமதிப்பாக ஊற்றும், என் வண்டியில் அது கூடவே ஊற்றியது. சரியாக எரியாத மிச்சம்தான் கார்பன் மோனாக்சைடாகவும் நாற்றமாகவும் வெளியே வந்தது. இப்படியே ஆறு மாதம் ஓட்டியிருந்தால் சர்வீஸ் சென்டர்காரன் சொன்ன கன்வெர்ட்டர் உண்மையாகவே போயிருக்கும் என்றார்.

ஒயரை ஒட்டும்போது ஈயம் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். இந்த மாதிரிச் சென்சார் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும், அது ஒயரின் உள் இழைகளுக்கு நடுவேதான் போகும், ஈயத்தை உருக்கி ஊற்றினால் அந்த வழி அடைபடும் என்றார். கிரிம்ப் என்கிற சின்ன உலோகக் குழலை வைத்து அமுக்கி, சூடு தாங்கும் ஸ்லீவ் போட்டு, சைலன்சர் பக்கம் படாமல் கட்டினார். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். நான் கொடுத்த 1,000ல் மீதியைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் ஆனைமலை வரை போய்த் திரும்பி, இன்ஜினை அணைக்காமல் அதே டெஸ்ட் சென்டருக்குள் விட்டேன். கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஆற அமர வரிசையில் நின்றால் நல்ல வண்டியே தடுமாறும். இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது பின்பற்றுங்கள். ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.02, ஹைட்ரோகார்பன் 24, லாம்டா 1.00. பையன் "என்னங்ணா, வேற வண்டிங்களா?" என்றான். ஒரு வருஷச் சான்று கையில். பிஎஸ்-4, பிஎஸ்-6 என்றால் ஒரு வருஷம், அதற்கும் பழைய வண்டி என்றால் ஆறு மாதம்.

இனி உங்கள் வண்டி. நான் மெக்கானிக் அல்ல, தேங்காய் விற்கிறவன், அதனால் தப்பிருந்தால் தெரிந்தவர்கள் திருத்தலாம். விளக்கு மினுக்கினால் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கொன்றுவிடும். நிலையாக எரிந்தால் அவ்வளவு அவசரமில்லை. புகையைப் பாதிக்காத ஏதோ ஒன்றாக இருந்தால் விளக்கோடு போனாலே டெஸ்டில் தேறிவிடலாம். டீசல் வண்டி என்றால் கதையே வேறு, அங்கே வாயுவை அளக்க மாட்டார்கள், ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிப் புகையின் கருமையைத்தான் அளப்பார்கள்.

ரிப்பேர் செய்த பிறகும் விளக்கு உடனே போகவில்லை என்று பயப்படாதீர்கள். கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி, அணைத்தால் கம்ப்யூட்டரே அணைத்துவிடும். எலிக்கு அந்துருண்டை, மிளகாய்ப் பொடி, புகையிலை எல்லாம் போட்டுப் பார்த்தேன், எதையும் மதிக்கவில்லை. இப்போது களத்தை வண்டிக்கு எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டேன், ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன். ஒரு பூனையும் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவாகவே.

போனோடு ப்ளூடூத்தில் சேரும் குட்டி ஸ்கேனர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், சில நூறு ரூபாய்தான். எங்கள் ஊரில் யார் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும் இப்போது என்னைத்தான் தேடி வருகிறார்கள். நீங்களும் ஒன்று வாங்குங்கள், இல்லை யாரிடமாவது கடன் கேளுங்கள். மாட்டிப் பார்த்து வரும் எண்ணை இங்கே எழுதுங்கள், எந்த வருஷ வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் சேர்த்து. பேட்டரியில் கை வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கழற்றினால் அந்த எண்ணும் அழிந்துபோகும், பிறகு விளக்கு திரும்ப வரும்வரை நானும் நீங்களும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.