மூன்றாம் படிக்கு அப்பால்

கேள்வி: ஃப்ரீமேசன் சங்கத்தில் மூன்றாம் படியான மாஸ்டர் மேசன் ஆகிவிட்டேன். அதற்கு அப்பாலுள்ள படிகளில் அடுத்து மார்க் எடுப்பதா, ராயல் ஆர்ச்சா?
– வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் லாட்ஜ், அதாவது சங்கக் கிளை, எந்தத் தலைமை அமைப்பின் ஆளுகையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1961-ல் இந்திய கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பு உருவான பிறகும் ஆங்கில, ஸ்காட்டிஷ், ஐரிஷ் லாட்ஜ்கள் இங்கே தொடர்கின்றன. ஆங்கில முறையில் மாஸ்டர் மேசனாகி நான்கு வாரம் கழிந்தால் நேரே ராயல் ஆர்ச் போகலாம். ஸ்காட்டிஷ் முறையில் மார்க் முடிக்காமல் முடியாது. எதுவானாலும் மார்க்கை முதலில் எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சடங்குகள் சொல்லும் கதை வரிசையாகப் புரியும்.

விண்ணப்பத்துக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் வேண்டும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. பலருக்குத் தடங்கல் சந்தா பாக்கியில்தான் வருகிறது; மாஸ்டர் மேசன் சான்றிதழையும் பாக்கியில்லை என்ற கடிதத்தையும் முன்பே வாங்கி வையுங்கள்.

மார்க்கில் உங்களுக்கென ஒரு குறி பதிவாகும். நேர்கோடுகளால் வரையுங்கள், சமபக்க முக்கோணம் கூடாது. அதே லாட்ஜில் வேறொருவர் அதே குறியை வைத்திருந்தால் மாற்றச் சொல்வார்கள். ஆகவே இரண்டு மூன்று வரைந்து போங்கள்.

சடங்கில் இடுப்பில் கட்டும் தோல் ஏப்ரனை பிளாஸ்டிக் உறையில் சுருட்டாதீர்கள். நீலகிரி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். துணியில் தட்டையாக வையுங்கள். சடங்கு சமவெளியில் என்றால், ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரியும். முந்தின நாளே இறங்கிவிடுங்கள்.