கம்ப்யூட்டர் அக்கா பதில்கள்: 202 வந்தால் வேலை முடிந்ததா?

அக்கா, எங்கள் கல்லூரி லேபில் மூன்று சர்வர்களில் ஓப்பன்ஸ்டாக் (சொந்தமாக கிளவுட் நடத்த உதவும் மென்பொருள்) போட்டிருக்கிறோம். அப்டேட் செய்யும்போதெல்லாம் ஏபிஐகள் (மற்ற புரோகிராம்கள் கேட்டுப் பதில் வாங்கும் வாசல்கள்) உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு ஸ்மோக் டெஸ்ட், அதாவது முக்கியமானவை ஓடுகின்றனவா என்ற மேலோட்டச் சோதனை வேண்டும். 'டெம்பெஸ்ட் என்ற சோதனைத் தொகுப்பைப் போடு' என்கிறார் ஒருவர். 'பத்து வரி கர்ல் (கட்டளை வரியிலிருந்து வெப் முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கருவி) ஸ்கிரிப்ட் போதும்' என்கிறார் இன்னொருவர். எதை எடுக்கலாம்?
– லேப் பொறுப்பாளர், மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி, அந்தப் பத்து வரி ஸ்கிரிப்டை நானும் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

லாஸ்பேட்டையில் வேலை பார்த்தபோது எங்களிடமும் உங்களைப் போலச் சின்ன கிளவுட். லாகின் பார்க்கும் கீஸ்டோன் 5000, இமேஜ்களை வைத்திருக்கும் கிளான்ஸ் 9292, விஎம்களை (மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்) நடத்தும் நோவா 8774, நெட்வொர்க் பார்க்கும் நியூட்ரான் 9696 என்று போர்ட் எண் பார்த்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, பதில் வந்தால் பச்சையில் 'ஓகே' போடும் ஸ்கிரிப்ட். கடைசியில் ஒரு விஎம் கேட்டு, 202 என்ற பதில் எண் வந்தால் அதற்கும் பச்சை. ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்தது. ஞாயிறு காலை ஓட்டினேன், எல்லாம் பச்சை. நிம்மதியாக வஞ்சிரம் பொரிக்கப் போய்விட்டேன். திங்கள் ஒன்பதரைக்கு போன்: "மேடம், ஒரு விஎம்கூட எழும்பல." லாகில் 'நோ வேலிட் ஹோஸ்ட்', அதாவது விஎம்மை வைக்கத் தகுந்த மெஷினே இல்லை. விஎம்களைச் சுமக்கும் கம்ப்யூட் மெஷின் இரண்டும் அணைந்தே கிடந்தன. ஏபிஐகள் இருந்த கன்ட்ரோலர் மட்டும் யூபிஎஸ் புண்ணியத்தில் பிழைத்திருந்தது.

நோவா தரும் 202, தாலுகா ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டு சீல் குத்தித் தருகிற மாதிரி. பட்டா கைக்கு வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. கீஸ்டோன் வேறு விதம்: வாசலில் சும்மா தட்டினால் 300 வரும். எந்தெந்த வெர்ஷன் இருக்கிறது என்று பட்டியல் நீட்டுகிறது, அவ்வளவுதான். 200 ('சரி' என்ற பதில்) மட்டுமே நல்லது என்று நினைக்கும் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்துக் கூப்பாடு போடும். ஆகவே டோக்கனே (உள்ளே போக விடும் நுழைவுச் சீட்டு) கேளுங்கள். 201 ('உருவாக்கியாயிற்று' என்ற பதில்) வந்து, எக்ஸ்-சப்ஜெக்ட்-டோக்கன் ஹெடரில் டோக்கன் இருந்தால்தான் கீஸ்டோன் நலம்.

ஆகவே கதவு தட்டுவதை விட்டுவிட்டு, உங்கள் மாணவர் ஒருவர் நடக்கிற வழியில் ஸ்கிரிப்டை நடக்க விடுங்கள். டோக்கன் வாங்கி, சிர்ராஸ் இமேஜில் (குட்டி லினக்ஸ், 20 எம்பி அளவுதான், சோதனைக்கென்றே உள்ளது) ஒரு விஎம் கேளுங்கள். ஐந்து வினாடிக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். 'ஆக்டிவ்' வராமல் 'எரர்' வந்தாலோ, மூன்று நிமிடம் தாண்டினாலோ சிவப்பு. 'ஆக்டிவ்' வந்த பிறகும் நம்பாதீர்கள், ஐபி கிடைக்காமல் உள்ளே தவித்துக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் போகும் வழி) நுழைந்து பாருங்கள். அந்த ஒரு படியிலேயே நியூட்ரானின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

பிறகு அழிப்பது. இதிலும் எனக்கு ஓர் அடி. சோதனைக்காக உருவாக்கிய வால்யூமை (விஎம்முக்கான டிஸ்க்) அழிக்கச் சொல்லிவிட்டு, அழிந்ததா என்று பார்க்கவில்லை. பத்து ராத்திரி ஓடியது. பதினோராவது ராத்திரி சிவப்பு. வால்யூம்களைப் பார்த்துக்கொள்ளும் சிண்டரில் ஒரு பிராஜெக்டுக்கு வழக்கமான வரம்பு 10 வால்யூம். என் குப்பையே என்னை மறித்துக்கொண்டு நின்றது! ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் துடைக்கும் வேலை மட்டும் நடக்கும்படி எழுதுங்கள். சோதனைக்கென்று தனி பிராஜெக்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெம்பெஸ்ட் ஓப்பன்ஸ்டாக்காரர்களே வைத்திருக்கும் சோதனைத் தொகுப்பு. மூன்று சர்வருக்கு அதை முழுசாக ஓட்டுவது வில்லியனூர் தேரைக் குறுக்குச் சந்தில் இழுக்கிற கதை. 'டெம்பெஸ்ட் ரன்' என்பதோடு ஸ்மோக் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், அந்த முத்திரை குத்திய சோதனைகள் மட்டும் ஓடும். வெர்ஷன் மாற்றும் நாளில் அது போதும். அன்றாடத்துக்கு உங்கள் ஸ்கிரிப்ட். ஒன்று மட்டும்: டெம்பெஸ்டில் 'கிளீனப்' என்று ஒரு கட்டளை உண்டு. சோதனைக்கு முன்பே 'இனிட்-சேவ்டு-ஸ்டேட்' போட்டு, இருப்பதையெல்லாம் பதிந்து வைக்காமல் அதைத் தொட்டால், மாணவர்களின் விஎம்களையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடலாம்.

அக்கா, போஸ்ட்மேனில் (ஏபிஐகளைக் கேட்டுப் பார்க்கும் கருவி) எல்லா ஏபிஐயையும் சேமித்து வைத்திருக்கிறேன். அதுவே ஸ்மோக் டெஸ்ட் ஆகாதா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நீங்களே பட்டனை அழுத்துவதாக இருந்தால் ஆகும், தங்கச்சி! அழுத்தினாலும், கீஸ்டோன் டோக்கனுக்கு வழக்கமான ஆயுள் ஒரு மணி நேரம். நேற்றுச் சேமித்ததை வைத்து இன்று கேட்டால் 401 ('அனுமதி இல்லை')தான். டோக்கன் வாங்குவதையே முதல் ரிக்வெஸ்டாக வைத்து, அந்தக் கலெக்‌ஷனை நியூமேன் (போஸ்ட்மேன் சேமிப்பைக் கட்டளை வரியில் ஓட்டும் கருவி) வழியாக கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட வைக்கும் வசதி) போட்டுவிட்டுத் தூங்குங்கள்.