பாட்டி பேசிய ஆங்கிலம்

கேள்வி: எங்கள் கம்பெனியின் இங்கிலாந்து வாடிக்கையாளர் அந்நாட்டின் வடக்கிலுள்ள யார்க்‌ஷயர்காரர். மீட்டிங் நடுவே, சின்ன வயதில் பாட்டி சொன்னது என்று ஏதாவது கொச்சை ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறார். 'நத்திங்' என்பதைக்கூட 'நவ்ட்' என்கிறார். ஆங்கிலேயருக்கே ஆங்கிலம் வராதா?
- வாசகர், கோவை

பதில்: குசும்புக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே!

அவருக்குப் பள்ளிக்கூட ஆங்கிலமும் வரும், பாட்டி ஆங்கிலமும் வரும். உங்களுக்கும் எனக்கும் முதலாவது மட்டும்தான். அதனால்தான் இரண்டாவதைக் கொச்சை என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். 'நவ்ட்' என்பது 'நத்திங்'கைக் கடித்துத் துப்பியதில் வந்ததல்ல. பழைய ஆங்கிலத்திலிருந்து நேராக வந்த சொல். ஓடைக்கு 'பெக்', விளையாடுவதற்கு 'லேய்க்' என்பதெல்லாம் 866-ல் அங்குள்ள யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், விட்டுப்போனவை. மில் ஓடாமல் வீட்டில் கிடக்கும் நாளும் 'லேய்க்கிங்'தான். கூலி இல்லாத நாளுக்கு விளையாட்டு என்று பெயர் வைத்தவர்கள் ஐயா அவர்கள்!

அந்தப் பக்கத்தில் பசியோடு வரும் பிள்ளை "சாப்பிட என்னம்மா?" என்று கேட்டால், "மேஜையைச் சுற்றி ஒரு ஓட்டம், சாமான் அறைக் கதவுக்கு ஒரு உதை" என்று பதில் வரும். ஒன்றுமில்லை என்று அம்மா சொல்லவில்லை, பாருங்கள். கதவைச் சாத்தாமல் உள்ளே வந்தால், "மரத்தை ஓட்டைக்குள் போடு." மான்செஸ்டர் பக்கம் வேலை நேரத்தில் சும்மா நின்றால், "லூயிஸ் கடைப் பொம்மை மாதிரி நிற்காதே." அங்கே லூயிஸ் பெரிய கடை, கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளுக்குத் துணி உடுத்தி நிறுத்தியிருப்பார்கள். மான்செஸ்டர் கடையை 2001-ல் மூடியாயிற்று, பொம்மை மட்டும் பேச்சில் இன்னும் நிற்கிறது. பகட்டுக்காரியைப் பற்றி மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயரில் சொல்வதை அச்சில் ஏற்றக் கொஞ்சம் கூச்சம்தான்: "மேலே ரோமக் கோட்டு, உள்ளே ஜட்டி இல்லை."

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமை பேசும் ஊர்க்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். லங்காஷயர் மில்களில் தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது. அதனால் பெண்கள் வாயை அகலத் திறந்து, முகத்தைக் கோணி, உதட்டசைவிலேயே பேசிக்கொண்டார்கள். அதற்கு 'மீ-மா' என்று பெயர். வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் மாதிரி விஷயம் வந்தால் குரல் நின்றுவிடும், உதடு மட்டும் ஓடும். மான்செஸ்டர்காரரான நகைச்சுவை நடிகர் லெஸ் டாசன் பெண் வேடம் கட்டி டி.வி.யில் இதைச் செய்துகாட்டியே நாட்டைச் சிரிக்கவைத்தார்.

ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' வேறுபாடு கிடையாது என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யார்க்‌ஷயர் கிழவர்களிடம் அது இருந்தது. 'தா' என்றால் நீ. பொடியன் ஒருவன் பெரியவரை 'தா' போட்டுப் பேசினால், "என்னை நீ போடாதே, உன்னையே நீ போட்டுப் பார், எப்படி இருக்கிறதென்று" என்று விழும். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' சேர்க்கும் கோவைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

இந்தக் 'கொச்சை'யைத் தன் வட்டாரத்தோடு நிறுத்தாமல் நாடு முழுவதற்குமாகத் தொகுத்து ஆறு தொகுதி அகராதி ஆக்கியவர் ஜோசப் ரைட். 1855-ல் பிராட்ஃபோர்டு பக்கம் பிறந்தவர். ஆறேழு வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டினார். அப்புறம் சால்ட்டேர் மில்லில் பாபின் மாற்றும் பையன். பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் பேராசிரியர். அகராதி 1898 முதல் 1905 வரை வெளிவந்தது. ஆங்கிலம் வராதவர் பட்டியலில் இவரையும் சேர்த்துவிடலாமா?

சரி, அடுத்த மீட்டிங்கில் உங்கள் வேலையைப் பார்த்து அவர் 'நாட் பேட்' என்று முனகினால் முகம் வாடாதீர்கள். யார்க்‌ஷயரில் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது. பில்லை மட்டும் உடனே அனுப்பிவிடுங்கள். "எல்லாம் தின், எல்லாம் குடி, காசு கொடுக்காதே, சும்மா எதையாவது செய்வதென்றால் உனக்கே செய்துகொள்" என்பதும் அந்த ஊர்ப் பாட்டிகள் சொன்னதுதான்.