உப்புப் பூத்த சுவருக்குச் சிமெந்து மருந்தா?

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய படைவீட்டுச் சுவர்களில் சிமெந்து பூசியும் இரண்டு மாரி தாண்டுவதில்லை, பாளம் பாளமாக விழுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், புளியந்தீவு

பதில்: சிமெந்து பூசியதால்தான் விழுகிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த நம் கோட்டைக்கு இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. அக்காலச் சுண்ணாம்புச் சுவர்களில் ஈரத்தடை கிடையாது; நிலத்து உப்புநீர் மேலேறி, பூச்சின் வழியே ஆவியாகும். சிமெந்து அந்த வழியை அடைத்துவிடும். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும்போது உப்பு உள்ளேயே படிகமாகி, பூச்சை வெளியே தள்ளும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். ஆண்டாண்டாக மண் கொட்டி வெளித்தரை உயர்ந்திருந்தால், உள்தரையைவிடத் தாழும்வரை வெட்டுங்கள். கூரைநீர் சுவரடியில் தேங்கக்கூடாது. இதை விட்டுவிட்டுப் பூசினால் பணம் வாவியில்தான். பிறகு சிமெந்தைக் கையுளியால் கொத்துங்கள். மின்சுத்தியல் அதிர்வில் உள்கல் தளரும். வெள்ளை உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். ஊறவைத்த கடதாசிக்கூழை ஓர் அங்குலம் அப்பிக் காயவிட்டு உரித்தால், மேலும் உப்பு வரும். இரண்டு மூன்று முறை செய்யலாம்.

பூச்சுக்கு, நீற்றி மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 3 பங்கு. வாவி மணல் வேண்டாம். வாய் திறந்து கிடந்த மூட்டைச் சுண்ணாம்பு காற்றுப் பட்டுச் செத்தது. அதில் பூசினால் விரலால் சுரண்டவே தூளாகும். ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு கிழமை ஈரச் சாக்கு தொங்கட்டும். கச்சானில் பூசினால் வெடிக்கும், அடைமழையில் இறுகாது. மாசி, பங்குனி வாய்ப்பான காலம். மேலே எமல்ஷன் பெயின்ற் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். பால்போல் கரைத்த சுண்ணாம்பை நாலைந்து தரம் மெல்லியதாக அடியுங்கள்.

கேள்வி: மதிலில் ஆலங்கன்று முளைத்துள்ளது. பிடுங்கலாமா?
- வாசகர், கல்முனை

பதில்: வேர் கல்லுக்குள் ஓடியிருந்தால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்து, வெட்டுமுகத்தில் உடனே களைநாசினி தடவி, வேர் செத்தபின் வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். ஒன்று: பாதுகாக்கப்பட்ட சின்னமானால், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி திணைக்கள அனுமதியின்றி அரத்தைக்கூட வைக்கக்கூடாது.