பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

தொழில் எதுவும் செய்யாத நிறுவனம் வைத்திருப்பதே குற்றமா? (கரூர் வாசகர்)

இல்லை. இப்படிப்பட்டதை 'ஷெல் நிறுவனம்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கம்பெனிகள் சட்டத்தில் விளக்கமே கிடையாது. உரிமையாளரை மறைத்துப் பணத்தைச் சுற்றில் விடுவதுதான் குற்றம்.

என்னிடம் 8 சதவீதப் பங்கு இருக்கிறது. பயனுரிமையாளர் (பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளர்) படிவம் தர வேண்டுமா?

8 சதவீதமும் உங்கள் பெயரிலேயே இருந்தால் வேண்டாம். பெரும்பங்கு உங்களிடம் உள்ள இன்னொரு நிறுவனம் இதில் 2 சதவீதம் வைத்திருந்தால் மொத்தம் 10. அப்போது கட்டாயம் அறிவிக்க வேண்டும். 30 நாள் கெடு.

ஒரு நிறுவனத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

நிறுவனத்தின் பெயரைக்கூட எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர் பெயர்களை இலவசமாகவே பார்க்கலாம். 100 ரூபாய் கட்டினால் ஆண்டுதோறும் தாக்கல் செய்த படிவங்களும் பங்குதாரர் பட்டியலும் கிடைக்கும். பங்குதாரர் இன்னொரு நிறுவனமா? அதையும் திறந்து பாருங்கள். மனிதர் பெயர் வரும்வரை விடாதீர்கள்.

முதலாளி என்னை இயக்குநராகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். மாதம் 5,000 ரூபாய் தருவாராம். (திருப்பூர் வாசகர்)

வேண்டாம். எத்தனை முறை எழுதிவிட்டேன்! போன மாதம் ஒரு சரக்கு வேன் ஓட்டுநர் மஞ்சள் பை நிறைய நோட்டீசுடன் வந்தார். நான்கு நிறுவனங்களுக்கு அவர் இயக்குநர். நான்குக்கும் முகவரி அவர் குடியிருக்கும் வாடகை மாடி. கணினியில் தன் பெயரில் கையெழுத்திட உதவும் டிஜிட்டல் கையெழுத்துச் சாதனத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓடிபி எண்ணை மட்டும் போனில் சொல்லியிருக்கிறார். முதலாளியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பி.எஃப். கிடைக்காத தொழிலாளியும் பாக்கி வராத நூல் வியாபாரியும் வேன் ஓட்டுநரின் வாசலில் நிற்கிறார்கள்.

நிறுவனத்திடம் வரி வசூலாகாவிட்டால் இயக்குநரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மூன்று ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்தாண்டு இயக்குநராக இருக்கத் தகுதியிழப்பு. 2017-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் அப்படிச் சிக்கினார்கள். முதலாளியின் பணத்தில் உங்கள் பெயரில் பங்கு இருந்தால் அது பினாமி: 1 முதல் 7 ஆண்டு வரை சிறை, சொத்து மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். 5,000 ரூபாய்க்கு இதுவா?

வெளிநாடுகளில் உண்மையான உரிமையாளரை யாரும் பார்க்கலாமாமே?

பிரிட்டனில் 2016 முதல் பார்க்கலாம். 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் பெயர் பகிரங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 நவம்பரில் நீதிமன்றம் அந்தக் கதவைப் பொதுமக்களுக்கு மூடியது. அமெரிக்கா 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு உண்மையான உரிமையாளரை அரசிடம் அறிவிப்பதிலிருந்து விலக்கே அளித்துவிட்டது. இரண்டும் எனக்குப் பெரிய வருத்தம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். விலகினால் தப்பலாமா?

விலகுங்கள். ஆனால் பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்குப் பொறுப்பு தொடரும். கடிதத்தை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனிப் பதிவாளரிடமும் நீங்களே தாக்கல் செய்யுங்கள். முதலில் அந்த டிஜிட்டல் கையெழுத்துச் சாதனத்தைத் திரும்ப வாங்குங்கள், இன்றைக்கே.