குடிநீர்க் குழாய்கள் மண்ணுக்குள் ஏன் உடைகின்றன? பழசாகிப்போனதுதான் காரணமா?

இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் வராத எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். அந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் பழியை முழுக்க வயதின் மேல் போடுவதை, 26 ஆண்டுகள் குழாய்ப் பள்ளங்களில் இறங்கி வேலை பார்த்த என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்சின் வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் 300 ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்தன. நாங்கள் தோண்டிய ஒரு பி.வி.சி. குழாய் 9 ஆண்டுகளில் விரிசல் விட்டுவிட்டது.

அன்று தண்ணீர் பொங்கிய இடத்தில் தோண்டினால் குழாய் முழுசாக இருக்கிறது. கசிந்த நீர் பழைய பள்ளத்தின் தளர்ந்த மண்ணோடு ஓடி, தாழ்வான இடத்தில்தான் தலைகாட்டும். இரும்புக் குழாயாக இருந்தால் கம்பியை வைத்துக் காது கொடுத்தால் சீறல் கேட்கும். பிளாஸ்டிக் சத்தத்தை விழுங்கிவிடும். மூன்றாவது பள்ளத்தில், இடுப்பளவு சேற்றில் நின்று குழாயின் அடியைக் கையால் தடவினேன். விரிசல் விரலில் பட்டது. அதற்கு நேர் கீழே ஒரு கூரான கல். கழுவிப் பார்த்தால் அதன் முனையில் குழாயின் சாம்பல் நிறம் தேய்ந்து ஒட்டியிருந்தது. அடியில் மணல் பரப்பியிருந்தால் பாரம் குழாய் முழுவதும் பரவியிருக்கும். பரப்பாததால், தண்ணீர் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு புள்ளியே அடி வாங்கியது.

துரு காரணமே இல்லை என்று நான் சொல்வதாகத் திரித்துவிடாதீர்கள். வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோய்க் கரி மட்டும் மிஞ்சும். பார்வைக்குக் குழாய் திடமாக இருக்கும், கத்தியால் சுரண்டினால் பென்சில் முனைபோல் உதிரும். களிமண் காய்ந்து சுருங்கி, நனைந்து உப்பும்போதும் குழாய் வளைந்து முறியும். இவையும் உண்மைதான்.

ஆனால் அதிகம் பேசப்படாதது வால்வைத் திருகும் கை. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், இரும்புக் குழாய்க்குள் கூடுதலாக ஏறும் அழுத்தம் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். கடைசிச் சில சுற்றுகளை மிக மெதுவாகத் திருக வேண்டும். அவசரப்பட்டு மூடினால், அன்று தப்பினாலும் பலவீனமான ஜாயின்ட் வேறொரு நாள் பிடுங்கிக்கொள்ளும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எது இடப்பக்கம் திருகினால் மூடும் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை. எங்களைப் போன்றவர்களின் நினைவில்தான் இருந்தது. ஓய்வு பெறும் முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன். இப்போதும் யாராவது உட்கார்ந்து படிப்பதாகச் சொன்னால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.